ஏரியைக் கண்காணிக்கத் தாவரவியல் படித்திருக்க வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஏரியில் அயல் நீர்த்தாவரங்களும் மட்டிகளும் புகுந்துவிட்டனவா என்று பார்க்கும் தன்னார்வலர் குழுவில் சேர அழைப்பு வந்திருக்கிறது. உயிரியல் படிக்காத ஒருவர் அங்கே போய் என்ன செய்ய முடியும்? அதனால் உண்மையில் பயன் உண்டா, அல்லது மனத்திருப்திக்காகச் செய்யும் பொழுதுபோக்குதானா?

பயன் உண்டு. பட்டமும் வேண்டாம். ஆனால் இந்த வேலைக்கு வரும் பலர், என்றாவது ஒரு நாள் விநோதமான செடி ஒன்றைக் கண்டுபிடித்து ஏரியைக் காப்பாற்றிவிடுவோம் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். எதுவும் அகப்படாமல் ஒரு பருவம் கழிந்ததும் சலித்து விலகிவிடுகிறார்கள். அப்படி எதுவும் அகப்படாத பருவத்தில் ஒழுங்காக எழுதி வைத்த குறிப்புகள்தான் குழுவின் முதன்மையான விளைச்சல் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், தன்னார்வலர் எதற்கு? மின்னசோட்டா என்ற ஒரே அமெரிக்க மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. நிபுணர் ஒருவர் ஓர் ஏரிக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போனாலே பெரிது. கரையில் குடியிருப்பவரும் தூண்டில் போடுபவரும் நீந்த வருபவரும் வாரந்தோறும் அங்கே இருக்கிறார்கள். முதல் தகவல் இவர்களிடமிருந்து வருவது இயல்பு. 'கொலைகார இறால்' என்று பெயர் வாங்கிய டிகெரோகாமரஸ் வில்லோசஸ், பிரிட்டனில் முதன்முதலாக 2010 செப்டம்பரில் கிராஃபம் வாட்டர் நீர்த்தேக்கத்தில் தென்பட்டது. கண்டவர்கள் மீன்பிடிக்க வந்தவர்கள். 2021இல் சியாட்டில் நகரத்தில் வளர்ப்புப் பிராணிக் கடை ஊழியர் ஒருவர், மீன்தொட்டியில் போடுவதற்காக விற்கப்படும் பாசி உருண்டையில் ஜீப்ரா மட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குத் தகவல் அனுப்பினார். விசாரித்ததில், மட்டி ஒட்டிய பாசி உருண்டைகள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அகப்பட்டன. படகுகள் மீதே கண் வைத்திருந்த அதிகாரிகள் இந்த வழியை எதிர்பார்க்கவில்லை. அந்த ஊழியர் எந்தக் கண்காணிப்புக் குழுவிலும் இருந்தாரா என்பது இங்கே முக்கியமில்லை. பார்த்தார், யாரிடம் சொல்வது என்று தெரிந்து சொன்னார்.

சீக்கிரம் தெரிவதில் என்ன லாபம் என்பதற்கு அதே ஜீப்ரா மட்டியை எடுத்துக்கொள்ளலாம். கருங்கடல், காஸ்பியன் கடல் வட்டாரத்தைச் சேர்ந்த இந்த விரல்நுனி அளவு மட்டி, கப்பல்கள் எடை சமநிலைக்காக நிரப்பிக்கொள்ளும் நீரில் பயணம் செய்து வட அமெரிக்காவை அடைந்தது. 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டபோதே அது நன்றாக வேரூன்றியிருந்தது. இன்று வட அமெரிக்காவின் 'பெரும் ஏரிகள்' ஐந்திலும் இருக்கிறது. அங்கிருந்து அதை அகற்றுவது பற்றி விவரம் தெரிந்த எவரும் பேசுவதில்லை, தண்ணீர்க் குழாய்கள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் செலவு பற்றித்தான் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம் வர்ஜீனியாவில் மில்ப்ரூக் என்ற பழைய கல்குவாரிக் குளம். அங்கே 2002இல் ஜீப்ரா மட்டி இருப்பது தெரிந்தது. 2006இல் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் சில வாரங்கள் செலுத்தி முழுவதுமாக ஒழித்துவிட்டார்கள். குளம் சிறியது, மூடிய நீர்நிலை, மட்டி வேறெங்கும் பரவியிருக்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். பரப்பு சிறியதாக இருக்கும்போதே செய்தி வந்துவிட்டால் செய்வதற்கு ஏதாவது இருக்கும். ஏரி முழுக்கப் பரவிய பிறகு வரும் செய்தி ஆவணத்துக்குத்தான் உதவும்.

இனி, எதுவும் அகப்படவில்லை என்று எழுதும் அந்த 'இல்லை' விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மெண்டோட்டா ஏரி, உலகிலேயே மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட ஏரிகளில் ஒன்று. பல்கலைக்கழகம் அதன் கரையிலேயே இருக்கிறது. முள்வால் நீர்த்தெள்ளு என்று சொல்லத்தக்க ஒரு சென்டிமீட்டர் நீள அயல் மிதவை உயிரி அங்கே 2009இல் பெருந்தொகையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஏரியின் அடிச்சேற்றைத் தோண்டிப் பார்த்தபோது, அது குறைந்தது பத்து ஆண்டுகளாவது குறைந்த எண்ணிக்கையில் அங்கேயே இருந்திருப்பது தெரியவந்தது. நீரைத் தெளிவாக வைத்திருந்த டாஃப்னியா என்ற பாசி மேயும் உயிரியை அது தின்று தீர்த்ததால், ஏரி நீரின் தெளிவு ஏறக்குறைய ஒரு மீட்டர் குறைந்தது. இழந்த தெளிவை மீட்க, பாசியை வளர்க்கும் பாஸ்பரஸ் ஏரிக்குள் வருவதைக் குறைக்க வேண்டும், அதற்கு 8.65 கோடி முதல் 16.3 கோடி டாலர் வரை ஆகும் என்று 2016இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நிபுணர்கள் கூட்டமாக இருக்கும் ஏரியிலேயே பத்து ஆண்டு ஒளிந்திருக்க முடியும் என்றால், ஒரு தன்னார்வலர் ஒருநாள் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதற்கு என்ன மதிப்பு? தனியாக அதற்கு மதிப்புக் குறைவுதான். மதிப்பு சேர்வது திரும்பத் திரும்பப் பார்ப்பதில். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செடி ஏரியில் இருக்கிறது, ஒரு தேடலில் அது கண்ணில் படும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தேடித் தவறவிடும் வாய்ப்பு 70 சதவீதம். மூன்று முறை தேடியும் தவறவிடும் வாய்ப்பு 34 சதவீதம். எட்டு முறை தேடியும் தவறவிடும் வாய்ப்பு 6 சதவீதத்துக்கும் கீழே. 'எதுவும் இல்லை' என்று எழுதிய எட்டுக் குறிப்புத் தாள்கள் சேர்ந்தால், 'இங்கே அது அநேகமாக இல்லை' என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மட்டுமல்ல, ஒன்பதாவது முறை செடி அகப்பட்டால், அது அண்மையில்தான் வந்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். அகற்ற முயலலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கேட்கும் தகவல் அதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு வேலை செய்ய, தேடியதன் அளவு தாளில் இருக்க வேண்டும். 'ஏரியைச் சுற்றி வந்தோம், சந்தேகப்படும்படி எதுவும் இல்லை' என்ற வாக்கியத்தை வைத்து யாராலும் எதையும் செய்ய முடியாது. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பேர், எந்தெந்த இடங்கள், எவ்வளவு ஆழம், செடிகளை இழுத்தெடுக்கும் பல்வாரி எத்தனை முறை வீசப்பட்டது, நீரின் தெளிவு எவ்வளவு, என்னென்ன உள்ளூர்ச் செடிகள் வந்தன, இவ்வளவும் வேண்டும். தெளிவை அளக்க 1865இல் ஆஞ்செலோ செக்கி பயன்படுத்திய முறையே இன்றும் போதும்: ஏரிகளில் பயன்படுவது 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டு; அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிப்பது. கலங்கிய நீரில் 'பார்க்கவில்லை' என்பதும், தெளிந்த நீரில் 'இல்லை' என்பதும் ஒன்றாகிவிடாமல் காப்பது அந்த எண்.

எங்கே பார்ப்பது? ஏரி முழுவதையும் சமமாகப் பார்க்க முயல்வது வீண். அயல் உயிரினம் எங்கே நுழையுமோ அங்கே பாருங்கள். படகுகளைத் தண்ணீரில் இறக்கும் சாய்தளம் முதலிடம். டிரெய்லரில் சிக்கிய செடித்துண்டு விழும் இடம் அது. அடுத்து, வாய்க்கால்களும் ஓடைகளும் வந்து சேரும் முகங்கள். காற்று தள்ளிக்கொண்டுபோய்க் குப்பையைச் சேர்க்கும் கரை மூன்றாவது; அறுந்த தண்டுகள் அங்கேதான் ஒதுங்கும். மக்கள் மீன்தொட்டியைக் கவிழ்க்க வசதியாக இருக்கும் பாலத்தடியையும் விட்டுவிடாதீர்கள். அங்கே வருபவர்கள் வளர்த்த மீனைச் சாகவிட மனமில்லாத நல்லவர்கள். ஏரிக்குக் கெட்ட காலம் பெரும்பாலும் நல்லவர்களால்தான் வருகிறது.

எப்போது பார்ப்பது என்பதில் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. குளிர்ந்த நாட்டு ஏரிகளில் சுருள் இலை பாண்ட்வீட் என்ற நீர்ச்செடி பனிக்கட்டிக்கு அடியிலேயே வளர்ந்து, வசந்தத்தில் உச்சத்துக்கு வந்து, கோடையின் நடுவில் அழுகி மறைந்துவிடும். ஆகஸ்டில் தேடினால் மொட்டுபோன்ற அதன் உறங்குமுளைகள் சேற்றில் கிடக்கலாம், செடி இருக்காது. ஸ்டாரி ஸ்டோன்வார்ட் என்ற பெரும்பாசி இதற்கு நேர் எதிர். அதன் அடையாளமான வெள்ளை நட்சத்திர முடிச்சுகளைக் கோடையின் கடைசியில்தான் எளிதாகப் பார்க்க முடியும். மின்னசோட்டாவில் இந்தப் பாசி 2015இல் கொரோனிஸ் ஏரியில் முதலில் அகப்பட்டது. 2017 முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரே நாளில் மாநிலம் முழுவதும் தன்னார்வலர்கள் படகுத்துறைகளில் இறங்கி அதைத் தேடுகிறார்கள். முதல் ஆண்டிலேயே கிராண்ட் ஏரியில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தேதி தன்னார்வலர்களின் விடுமுறை வசதியைப் பார்த்து வைத்ததன்று, பாசியின் வசதியைப் பார்த்து வைத்தது. உங்கள் குழுவும் முதலில் எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு நாள் குறிக்கட்டும்.

கருவிகள் எளிமையானவை. தோட்டத்தில் பயன்படும் பல்வாரித் தலைகள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி, நீளமான கயிற்றில் இணைத்து வீசி, அடித்தரையை ஒட்டி மெதுவாக இழுத்தால் நீருக்கடியில் வளர்வது பற்களில் சிக்கி வரும். அடி கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் வாளியை நீர்ப்பரப்பில் அழுத்திப் பார்த்தால் ஒளிச்சிதறல் இல்லாமல் ஆழம் தெரியும். மட்டிகளுக்கு, நிழலான படகுத்துறைக்கு அடியில் குழாய்த் துண்டையோ கரடுமுரடான தகட்டையோ கட்டித் தொங்கவிட்டு, குறித்த இடைவெளியில் தூக்கிப் பாருங்கள். இளம் ஜீப்ரா மட்டிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. படகின் அடிப்பக்கத்தில் கையை ஓட்டினால் உப்புத்தாளைத் தடவியதுபோலச் சொரசொரக்கும். பருவம் முடிந்து துறைமேடைகளையும் மிதவைகளையும் கரையேற்றும் நாள் மட்டி தேடுவதற்கு மிக நல்ல நாள். அதற்கெனத் தனியாக ஓர் உழைப்பும் தேவையில்லை. லார்வாக்களைப் பிடிக்க 64 மைக்ரான் கண்ணுள்ள வலை வேண்டும், மாதிரியைக் குறுக்கு முனைவாக்க ஒளியில் நுண்ணோக்கியால் பார்க்க வேண்டும். அது ஆய்வகத்தின் வேலை; வலையை இழுத்து மாதிரியைக் குப்பியில் அடைத்துக் கொடுப்பது வரை நீங்கள் செய்யலாம்.

இப்போது உங்கள் முக்கியமான பயத்துக்கு வருவோம்: அடையாளம் தெரியாதே! ஒரு குழுவில் சேரும் புதியவர் செய்யவேண்டிய முதல் காரியம் அயல் இனங்களின் படப் பட்டியலை மனப்பாடம் செய்வது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஏரியில் எப்போதும் இருக்கும் ஏழெட்டுச் செடிகளை முதலில் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவை கைக்குப் பழகிவிட்டால் பழகாத ஒன்று தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அது என்ன என்று சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஒப்பிடும் பண்புகளும் பெரும்பாலும் எண்ணத் தெரிந்தால் போதுமானவை. வட அமெரிக்க ஏரிகளில் இயல்பாக வளரும் எலோடியாவுக்குத் தண்டைச் சுற்றி ஒவ்வோர் அடுக்கிலும் வழக்கமாக மூன்று இலைகள். ஆசியாவிலிருந்து மீன்தொட்டிச் செடியாகப் போய் 1950களில் ஃபுளோரிடாவில் தப்பித்த ஹைட்ரில்லாவுக்கு நான்கு முதல் எட்டு, பெரும்பாலும் ஐந்து. இலை விளிம்பில் பற்கள் கண்ணுக்கே தெரியும், தடவினால் உறுத்தும், மண்ணுக்குள் சிறு கிழங்குகள் இருக்கும். யூரேசிய மில்ஃபாயிலின் இறகு போன்ற இலையில் பொதுவாகப் பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் இணைப் பிசிறுகள். அதன் உள்ளூர் உறவில் குறைவு. ஆனால் இவ்விரண்டும் கலந்து பிறந்த கலப்பினங்களும் உண்டு, அவற்றை மரபணுச் சோதனை இல்லாமல் நிபுணரும் பிரிக்க முடியாது. ஆகவே 'சந்தேகம்' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சாதாரண மக்களின் கண்ணை நம்பலாமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் அயல் நண்டையும் உள்ளூர் நண்டையும் பிரித்தறியப் பயிற்சி கொடுத்தபோது, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 80 சதவீதத்துக்கு மேலும், ஏழாம் வகுப்பு மாணவர்கள் 95 சதவீதத்துக்கு மேலும் சரியாகச் சொன்னார்கள். 2008இல் வெளியான முடிவு அது. அவர்கள் பார்த்தது கடல் நண்டுகளை; நீருக்கடிச் செடிகள் அதைவிடக் கடினம் என்பது உண்மை. அதற்காகத்தான் மாதிரி அனுப்பும் ஏற்பாடு.

பெயரைச் சரியாகப் பிடிப்பது சான்றோர் சண்டை என்று நினைப்பவர்களுக்கு சால்வினியாவின் கதையைச் சொல்லவேண்டும். மிதக்கும் இந்தப் பெரணி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நீர்நிலைகளைப் போர்த்தியபோது அதை சால்வினியா ஆரிகுலேட்டா என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். அந்தச் செடியின் ஊரில் தேடிப் பிடித்து வந்து விட்ட பூச்சிகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. 1972இல்தான் இது வேறு இனம் என்று தெளிவாகி சால்வினியா மோலெஸ்டா என்ற பெயர் வந்தது. அதன் சொந்த இடம் தென்கிழக்கு பிரேசில் என்று 1978இல் கண்டுபிடித்து, அங்கே அதைத் தின்னும் கூன்வண்டைக் கொண்டுவந்து 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் செடிப் போர்வை விலகி ஏரி திறந்துவிட்டது. முன்பு விட்ட வண்டும் இந்தப் புதிய வண்டும் வெறும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பது இதில் கூடுதல் வேடிக்கை.

சந்தேகப்படும்படி ஒன்று கையில் வந்துவிட்டது. அடுத்து? முதலில் ஆசையை அடக்குங்கள்: மீதியைப் பிடுங்கி எறியாதீர்கள். மில்ஃபாயிலும் ஹைட்ரில்லாவும் துண்டிலிருந்தே முளைப்பவை. உற்சாகமாகப் பிடுங்கினால் ஒரு திட்டு பத்துத் திட்டாகும். ஹைட்ரில்லாவின் கிழங்கு சேற்றில் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஜி.பி.எஸ். எண்ணைக் குறியுங்கள். செடி இருக்கும் நிலையில் ஒரு படம், கையில் எடுத்து வெளிர்நிறப் பின்னணியில் ஒரு படம், இலையடுக்கு நெருக்கத்தில் ஒரு படம், அளவு தெரிய அருகில் ஒரு நாணயம். வேர் முதல் நுனி வரை ஒரு மாதிரியை ஈரமாகப் பையில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சில இடங்களில் தடைசெய்யப்பட்ட இனத்தைக் கையில் எடுத்துச் செல்வதற்கே அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குழுவின் பொறுப்பாளருக்கு அன்றே தகவல். உறுதியாகும் வரை ஊர் முழுக்கப் பரப்ப வேண்டாம். தவறான எச்சரிக்கை இரண்டு வந்தால் மூன்றாவதை யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

இப்படி ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் கயூகா ஏரி உதாரணம். 2011 ஆகஸ்டில் மாணவர்களை ஏற்றிச்செல்லும் ஒரு கல்விப் படகில் இருந்த பயிற்சி மாணவர், ஏரியில் சேரும் கால்வாயில் ஹைட்ரில்லாவைக் கவனித்தார். அந்த ஆண்டே களைக்கொல்லிச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ஏரியின் வேறு பகுதியில் பிறகும் அது முளைத்தது, வேலை பல ஆண்டுகள் தொடர்ந்தது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் கால்வாயில் தொடங்கிய சண்டையை ஏரி முழுவதும் நடத்தவேண்டி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்காணிக்கப் போகிறவரே கடத்திக்கொண்டு போகிறவராக ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. ஒரே நாளில் இரண்டு ஏரிகளுக்குப் போகும் குழு, வாரியையும் கயிற்றையும் வலையையும் செருப்பையும் இடையில் சுத்தம் செய்யாவிட்டால், படகுக்காரர்களைக் குறைசொல்ல அதற்கு உரிமை இல்லை. ஒட்டியதைக் கைகளால் அகற்றி, தண்ணீரை முழுக்க வடித்து, ஐந்து நாளாவது நன்றாகக் காயவிடுவது பொதுவான பரிந்துரை. அவசரமென்றால் 60 டிகிரி செல்சியஸ் சுடுநீர். எல்லாவற்றிலும் எளிது, ஏரிக்கு ஒரு வாரி என்று தனியாக வைத்துக்கொள்வது.

நீரில் மிதக்கும் மரபணுத் தடயங்களைச் சோதிக்கும் முறை வந்துவிட்டதே, இனி மனிதர் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். பிரான்சின் குளங்களில் அமெரிக்கக் காளைத் தவளையை இப்படிக் கண்டறிந்து 2008இல் வெளியிட்டதிலிருந்து அந்த முறை வேகமாக வளர்ந்திருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் தடயம் பறவையின் எச்சத்திலும் வரலாம், படகில் ஒட்டிய நீரிலும் வரலாம், செத்துப்போன உயிரிலிருந்தும் வரலாம். ஆய்வகம் 'இருக்கலாம்' என்று சொன்ன பிறகு, எங்கே என்று போய்ப் பார்க்க மறுபடியும் வாரியோடு ஒருவர் இறங்கத்தான் வேண்டும். அந்த நீர் மாதிரியை எடுப்பவரும் பல இடங்களில் தன்னார்வலரே.

கடைசியாக, சேர்வதற்கு முன்பு குழுவினரிடம் கேட்கவேண்டியவை. நான் அனுப்பும் தாள் யாரிடம் போகும்? மாதிரியை யார் பார்த்து உறுதி செய்வார், எத்தனை நாளில் பதில் வரும்? உறுதியானால் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் பணமும் யாரிடம் இருக்கின்றன? வெறும் 'இல்லை' தாள்களையும் சேமிக்கிறார்களா? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1971 முதலே தன்னார்வலர்கள் ஏரிகளை அளந்து வருகிறார்கள் என்றால், தாள்களுக்கு ஓர் இடமும் அவற்றைப் படிக்க ஆளும் இருந்ததுதான் காரணம் என்பேன். ஒரு செயலியில் படம் ஏற்றுவதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்லும் குழுவில் சேரவேண்டாம் என்று தடுக்கமாட்டேன். படங்களும் சில நேரம் பயன்படும். ஆனால் நான்கு கேள்விகளுக்கும் பெயரும் தொலைபேசி எண்ணுமாகப் பதில் சொல்லும் குழு அருகில் இருந்தால் அங்கே போங்கள். பதில் இல்லாத குழுவில்தான் சேர முடிகிறது என்றால், முதல் பருவத்தில் செடி தேடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அந்தப் பெயர்களைத் தேடிப் பிடியுங்கள்.